பருவமழைக் காலத்தில் சைக்கிள் ட்ரெய்னர்: கடலூர், புதுச்சேரிக் கரைக்கு ஏற்ற முறை

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், கடலூரிலும் புதுச்சேரியிலும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பொங்கல் வரை சாலை நிச்சயமில்லை. நான்கு நாள் அடைமழை, இரண்டு நாள் வெயில், மறுபடியும் வங்கக்கடலில் ஒரு தாழ்வு நிலை என்று நாட்கள் போகும். மார்கழியில் மழை குறைந்தாலும் விடிகாலைப் பனிமூட்டம் சாலையை மறைத்துவிடும். ட்ரெய்னர், அதாவது சைக்கிளை மாட்டி வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவி, வைத்திருப்பவர்கள் அதை வெளியே எடுப்பது இந்த இரண்டரை மாதத்தில்தான். எடுத்த வேகத்திலேயே பலர் விட்டும் விடுகிறார்கள். அரைமணி நேரத்தில் தரையெல்லாம் வியர்வை, இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது, சாலையில் சாதாரணமாக வரும் வேகம் இங்கே வருவதில்லை.

இதில் பாதிப் பிரச்சினை திட்டத்தில் இருக்கிறது. ஆப்களில் கிடைக்கும் குளிர்காலப் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே மாதக்கணக்கில் வெளியே கடுங்குளிர். பந்தயங்கள் வசந்தத்தில்தான் தொடங்கும். அதனால் குளிர்ந்த கராஜில் இரண்டு, மூன்று மணி நேரம் மெதுவாக மிதித்து அடித்தளம் போடுகிறார்கள். நமக்கு நவம்பர், டிசம்பரில் பகலில் 28, 29 டிகிரி, இரவில் 23, 24 டிகிரி. ஈரப்பதம் பல நாட்கள் 85 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். மழை விட்டதும் வரும் ஜனவரியும் பிப்ரவரியும்தான் நமக்கு ஆண்டிலேயே சிறந்த சாலை மாதங்கள். அந்த மாதங்களில் 200 கி.மீ. பிரெவே (நேர வரம்புள்ள நெடுந்தூரச் சவாரி) ஓட நினைப்பவர் அதை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்கு முந்தைய எட்டு வாரம் முழுக்க மழைக்காலத்துக்குள் விழுகிறது. ஆகவே நம் கரையில் ட்ரெய்னரைக் குறுகிய, கடினமான வேலைக்கு வைத்துக்கொண்டு, நீண்ட மெதுவான சவாரியை மழை இடைவெளிக்கு விட்டுவிடுவதுதான் சரி. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வருகிறது.

சாலை தராததை ட்ரெய்னரில் எடுப்பது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளம்பிப் புதுச்சேரி போகும் வழியில் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று சில கிலோமீட்டருக்கு ஒரு ஊர் வந்துகொண்டே இருக்கும். பஸ் ஒதுங்கும், வேகத்தடை வரும், மாடு குறுக்கே நிற்கும். பத்து நிமிடம் ஒரே அழுத்தத்தில், காலை நிறுத்தாமல் மிதிப்பது அந்தச் சாலையில் நடக்காத காரியம். ட்ரெய்னரில் அது கிடைக்கிறது. இறக்கம் இல்லை, சிக்னல் இல்லை, சும்மா உருளவிடும் நேரமும் இல்லை. சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் சேரும் உண்மையான மிதிப்பை ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடலாம்.

இன்னொன்று ஏற்றம். மரக்காணத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரை நம் கரை தட்டையானது. இங்கேயே பழகிய கால்கள் ஏற்காட்டிலோ, 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையிலோ முதல் சில வளைவுகளிலேயே சிரமப்படும். ட்ரெய்னரில் அதற்கு ஒரு வழி உண்டு. பலர் கவனிக்காமல் விடும் வழி. ட்ரெய்னருக்குள் கனமான ஃப்ளைவீல் ஒன்று சுழல்கிறது. முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் சிறியது என்று போட்டால் ஃப்ளைவீல் வேகமாகச் சுழலும். பெடல் மேலே வரும் நொடியில் அதன் உந்தமே காலைத் தள்ளிக் கொடுக்கும். ஈ.சி.ஆரில் பின்காற்றோடு போகும் உணர்வு அது. முன்னால் சிறியது, பின்னால் பெரியது என்று மாற்றினால் ஃப்ளைவீல் மெதுவாகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கால்தான் தள்ள வேண்டும். மலையேற்றத்தில் நடப்பது இதுதான். நாம் குறித்த வாட்டுக்கு (மிதிக்கும் சக்தியின் அளவு) ஏற்பக் கருவியே தடையை மாற்றிக்கொள்ளும் எர்க் முறையில் இரண்டுக்கும் திரையில் ஒரே 160 வாட்தான் தெரியும், ஆனால் தசைக்கு வேலை வேறு. எனவே பயிற்சி தொடங்கும் முன் கியரைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: மலைக்குத் தயாராகிறவர் சிறிய கியரில், பிரெவேக்குத் தயாராகிறவர் பெரும்பாலும் பெரிய கியரில்.

கை மரத்துப்போவது, கழுத்து வலி, எதிர்காற்றில் பொறுமை, குழியைப் பார்த்து ஒதுங்கும் பழக்கம் இவற்றை ட்ரெய்னர் கற்றுத்தராது. ஜனவரியில் 200 கி.மீ. ஓட வேண்டுமானால் மழை இடைவெளிகளில் குறைந்தது இரண்டு முறையாவது 100 கி.மீ. தாண்டியாக வேண்டும்.

வெப்பக் கணக்கு

மனித உடல் சைக்கிள் மிதிக்கும்போது எரிக்கும் ஆற்றலில் சுமார் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது. மீதி முழுக்க வெப்பம். 150 வாட்டில் மிதிக்கும் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 530 வாட் வெப்பம் பிறக்கிறது; சமையலறை மிக்ஸி இழுக்கும் மின்சாரத்துக்குச் சமம். தோலின் மேலுள்ள வியர்வை ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். அந்த 530 வாட்டை வியர்வை மூலமாகவே வெளியேற்ற வேண்டுமானால் மணிக்கு முக்கால் லிட்டருக்கும் மேலாக ஆவியாக வேண்டும். ஆவியாகாமல் தரையில் சொட்டும் வியர்வை உடலைக் குளிரவைக்காது; தண்ணீரும் உப்பும்தான் வீண்.

மழைக்காலத்தில் சிக்குவது இங்கேதான். வியர்வை எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்பதைத் தீர்மானிப்பது தோலருகே உள்ள நீராவி அழுத்தத்துக்கும் அறைக் காற்றிலுள்ள நீராவி அழுத்தத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம். 35 டிகிரியில் நனைந்த தோலில் அது சுமார் 5.6 கிலோபாஸ்கல். 27 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் உள்ள அறைக் காற்றில் சுமார் 3.2. வித்தியாசம் 2.4. ஏ.சி. போட்டு 26 டிகிரி, 55 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் காற்றின் பங்கு 1.85 ஆக இறங்கி, வித்தியாசம் 3.8 ஆகிறது. வெப்பநிலை குறைந்தது ஒரே ஒரு டிகிரி. ஆவியாகும் வாய்ப்பு ஒன்றரை மடங்காகிவிட்டது. ஏ.சி. செய்யும் பெரிய உதவி ஈரத்தை இழுப்பதுதான். அதனால் 18 டிகிரி வைத்து நடுங்க வேண்டிய தேவை இல்லை. 25, 26 போதும். ஒரு டன் ஏ.சி.யின் குளிர்விக்கும் திறன் சுமார் 3.5 கிலோவாட் என்பதால், மூடிய அறையில் ஒருவர் மிதிக்கும் வெப்பத்தை அது தாராளமாகத் தாங்கும்.

ஏ.சி. இல்லையென்றால் காற்று. சாலையில் மணிக்கு 30 கி.மீ. போகும்போது நொடிக்கு 8 மீட்டருக்கும் மேல் காற்று உடம்பில் படுகிறது. சீலிங் ஃபேன் அதன் அருகில்கூட வராது. குனிந்து உட்காரும்போது அந்தக் காற்று முதுகில் மட்டும் விழும், மார்புக்கும் முகத்துக்கும் காற்றே படாது. 400 மி.மீ. பெடஸ்டல் ஃபேன் ஒன்றை முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால், உடம்பிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள், மார்பைப் பார்த்து வையுங்கள். இரண்டாவது ஃபேன் கிடைத்தால் பக்கவாட்டில் பின்னாலிருந்து முதுகுக்கு. தலையைத் திருப்பித் திருப்பி வீசும்படி விடாமல் ஒரே பக்கம் நிறுத்துங்கள். வார்ம்-அப் முடிவதற்கு முன்பே ஃபேன் ஓட வேண்டும். உடல் சூடேறிய பிறகு போட்டால் அந்தச் சூட்டை இறக்கவே கால்மணி நேரம் போய்விடும்.

இவ்வளவு செய்த பிறகும் துடிப்பு மெல்ல ஏறத்தான் செய்யும். தோலைக் குளிரவைக்க அதிக ரத்தம் அங்கே போகிறது, வியர்வையில் ரத்தத்தின் நீர் குறைகிறது. ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் அளவு குறைவதால் துடிப்பின் எண்ணிக்கை கூடுகிறது. அதே வாட், அதே கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை பெடல் சுற்று) இருக்கும்போது முதல் இன்டர்வெலுக்கும் (இடையிடையே ஓய்வு விட்டுச் செய்யும் கடினச் சுற்று) மூன்றாவதுக்கும் இடையே துடிப்பு 10க்கு மேல் ஏறியிருந்தால், கடைசிச் சுற்றுக்கு 5 சதவீதம் குறைத்துக்கொள்வது நல்லது. தலை கிறுகிறுத்தாலோ, வியர்க்கும்போதே உடம்பு சிலிர்த்துக் குளிர்ந்தாலோ அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கடின இன்டர்வெலைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம்.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் இந்தக் கணக்கே பதில். படுக்கையறை மூலை பார்க்க வசதியாகத் தெரியும். கதவைச் சாத்தினால் இருபது நிமிடத்தில் அறைக் காற்றே ஈரமாகிவிடும். ஏ.சி. இல்லாத வீட்டில் ஷீட் போட்ட மொட்டைமாடி, போர்ட்டிகோ, இரண்டு பக்கம் ஜன்னல் உள்ள ஹால் ஆகியவை அதைவிட நல்ல இடங்கள். மழை நாளில் கடல் பக்கமிருந்து வீசும் காற்று எந்த ஃபேனைவிடவும் தாராளமானது. சாரல் மட்டும் உள்ளே வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடி வீடு என்றால் கீழ்வீட்டுக்குப் போவது சத்தத்தைவிட அதிர்வுதான். ஜிம்களில் போடும் 10, 12 மி.மீ. ரப்பர் டைல் அதை நன்றாகக் குறைக்கும். மெல்லிய யோகா மேட் வியர்வையைப் பிடிக்க மட்டும் உதவும்.

கருவியும் அதில் வரும் சிக்கல்களும்

பின்சக்கரத்தை அப்படியே வைத்து டயரை உருளையில் அழுத்தும் வகை, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செயினை மாட்டும் டைரக்ட் டிரைவ் வகை என்று இரண்டுதான் இங்கே பரவலாகப் புழங்குகின்றன. மூன்றாவதான திறந்த ரோலர்கள் சமநிலைக்கு அருமையான பயிற்சி; ஆனால் கடின இன்டர்வெலுக்கு ஏற்றவை அல்ல.

வாங்கும் முன் பின்சக்கரத்தைப் பாருங்கள். நம் ஊர்களில் ஓடும் பல ஹைப்ரிட், எம்.டி.பி. (மலைச் சாலை வகை) சைக்கிள்களில் 7 ஸ்பீடு ஃப்ரீவீல், நட் போட்ட ஆக்ஸில் இருக்கும். ஃப்ரீவீல் என்பது ஹப்பில் மரை போட்டு ஏறும் பல்சக்கரத் தொகுப்பு; டைரக்ட் டிரைவ் ட்ரெய்னரில் ஏறுவது கேசட் என்ற வேறு வகைத் தொகுப்பு. உங்கள் ஃப்ரீவீலைக் கழற்றி அதில் மாட்ட முடியாது, கேசட் தனியாக வாங்க வேண்டும். கேசட் உள்ளவர்களும் பல்சக்கரங்களின் எண்ணிக்கையைப் பொருத்த வேண்டும்: 8, 9, 10 ஸ்பீடு கேசட்டை 11 ஸ்பீடு ஷிமானோ ரோடு ஃப்ரீஹப்பில் (கேசட் ஏறும் உருளை) போட்டால் அடியில் 1.85 மி.மீ. ஸ்பேசர் வேண்டும். அது இல்லாவிட்டால் லாக்ரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் கேசட் ஆடும். லாக்ரிங்குக்கு 40 நியூட்டன் மீட்டர். டயர் உருளும் வகையில் நட் ஆக்ஸிலுக்கு அதற்கென்று உள்ள மூடிகள் தேவை. குவிக் ரிலீஸ் என்றால் ட்ரெய்னரோடு வரும் இரும்பு ஸ்க்யூவரைப் போடுங்கள், சைக்கிளோடு வந்த இலகுவான அலுமினிய ஸ்க்யூவர் அங்கே நசுங்கும்.

டயர் வகையில் தவறாக வாட் காட்டுவதற்குப் பெரும்பாலும் காற்றே காரணம். ஒவ்வொரு முறையும் ஏறும் முன் ஒரே அழுத்தம், உருளைக் குமிழியில் ஒரே சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர் சூடாகும்போது அழுத்தம் ஏறி, உருளைமேல் பிடிப்பும் மாறும். அதனால்தான் பத்து நிமிடம் மிதித்த பிறகு ஸ்பின்டவுன் அளவீடு (வேகமெடுத்து மிதிப்பதை நிறுத்தி, உருளை நிற்கும் நேரத்தைக் கருவி அளப்பது) செய்யச் சொல்கிறார்கள். ஏறிய உடனே செய்த அளவீடு வீண். வேகம் எடுக்கும்போது டயர் வழுக்கினால் உருளையை அரைச்சுற்று இறுக்குங்கள். கட்டை போட்ட எம்.டி.பி. டயரை இதில் ஏற்றக் கூடாது, வழவழப்பான பழைய டயரே போதும்.

எர்க் முறையில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கருவி வாட்டை நிலையாக வைக்கப் பார்க்கும். கால் தளர்ந்து கேடன்ஸ் 90லிருந்து 70க்கு இறங்கினால், அதே வாட் வருவதற்குத் தடையைக் கூட்டும். தடை கூடியதால் கால் மேலும் தளரும். சில நொடியில் பெடல் பாறையாகிவிடும். அந்த நேரம் எழுந்து நின்று மல்லுக்கட்டாதீர்கள். மிதிப்பதைச் சில நொடி நிறுத்தி, தடை இறங்கியதும் வேகக் கேடன்ஸோடு மறுபடி தொடங்குங்கள். 30 நொடி, 15 நொடி போன்ற குறுகிய இன்டர்வெல்களுக்கு எர்க் பொருந்தாது: தடை மாறுவதற்கே சில நொடி எடுக்கும். அவற்றைச் சாதாரணத் தடை முறையில் கியர் மாற்றியே செய்ய வேண்டும்.

அளவும் பயிற்சிகளும்

முதலில் ஒரு எண் வேண்டும். ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வாட்டின் மதிப்பீடுதான் எஃப்.டி.பி. நன்றாக வார்ம்-அப் செய்து 20 நிமிடம் முழு முயற்சியில் மிதித்து, அதன் சராசரியில் 95 சதவீதம் எடுக்கலாம். அல்லது நிமிடத்துக்கு 20 வாட் ஏறும் ராம்ப் சோதனையில் சிறந்த ஒரு நிமிடத்தின் 75 சதவீதம்: 240 வாட் என்றால் 180. ராம்ப் எளிது, ஆனால் குறுகிய நேர வேகம் உள்ளவர்களுக்கு அது அதிகமாகக் காட்டும். எது செய்தாலும் அதே இடம், அதே ஃபேன், அதே நேரத்தில் செய்ய வேண்டும். அக்டோபரில் போர்ட்டிகோவிலும் டிசம்பரில் ஏ.சி. அறையிலும் அளந்துவிட்டு முன்னேறிவிட்டதாக நினைப்பது பயனற்றது.

எஃப்.டி.பி. 180 வாட் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பயிற்சிக்கும் முன்னால் 12 நிமிட வார்ம்-அப்: ஐந்து நிமிடம் 90 வாட், ஐந்து நிமிடத்தில் மெல்ல 140 வரை, பிறகு 100 கேடன்ஸில் 20 நொடி வீதம் மூன்று முறை.

நம் கரைக்கு முதலிடம் தர வேண்டியது ஸ்வீட் ஸ்பாட். எஃப்.டி.பி.யில் 88 முதல் 94 சதவீதம், அதாவது 158 முதல் 169 வாட். 10 நிமிடம் வீதம் மூன்று முறை, இடையே 4 நிமிட இளைப்பாறல். இரண்டாவது வாரம் 12 நிமிடமாக, மூன்றாவது வாரம் 20 நிமிடம் இரண்டு முறையாகக் கூட்டலாம். வாட்டைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுவதுதான் இதன் சூட்சுமம். பிரெவேயில் எதிர்காற்றில் 40 கி.மீ. தொடர்ந்து தள்ளும் திறன் இதில்தான் வளரும்.

அடுத்து மேல் எல்லையைத் தூக்கும் வேலை. 4 நிமிடம் வீதம் நான்கு முறை, 190 முதல் 200 வாட், இடையே 3 அல்லது 4 நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் பேச முடியாமல் மூச்சு வாங்க வேண்டும். முதல் முறையே 210 போட்டு மூன்றாவதில் விழுவதைவிட நான்கையும் 190இல் முடிப்பது பலன் தரும். இதற்கு மாற்றாக நார்வே ஆய்வாளர் பென்ட் ரோன்னஸ்டாட் சோதித்த முறை உண்டு: 30 நொடி கடினம், 15 நொடி தளர்வு, இப்படி 13 முறை, மூன்று நிமிடம் ஓய்வு, மொத்தம் மூன்று தொகுதி. வெப்பம் சேர்ந்துவிடும் பயிற்சி இது. ஏ.சி. இல்லாத அறையில் இரண்டு தொகுதியோடு நிறுத்துங்கள்.

மலைக்குப் போகிறவர்களுக்கு 5 நிமிடம் வீதம் ஐந்து முறை, 150 முதல் 160 வாட், கேடன்ஸ் 55 முதல் 60, சிறிய கியரில், உட்கார்ந்தபடியே. முழங்காலில் வலி உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் முதல் வாரம் மூன்று முறையோடு நிறுத்திப் பார்க்க வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் இந்தப் பயிற்சியில்தான் முழங்கால் அதைக் காட்டிக்கொடுக்கும்.

பவர் மீட்டர் இல்லாதவர்கள் ஸ்வீட் ஸ்பாட்டை மூச்சை வைத்தே பிடிக்கலாம்: ஒரு சிறிய வாக்கியம் சொல்ல முடியும், இரண்டாவது சொல்ல மனம் வராது. குறுகிய இன்டர்வெலுக்குத் துடிப்பை நம்பக் கூடாது, அது அரை நிமிடத்துக்கும் மேல் தாமதமாகத்தான் ஏறும்.

வாரத்தை எப்படி அடுக்குவது? கிழமை பார்த்து அடுக்கினால் மழை கலைத்துவிடும். வானிலை மையத்தின் முன்னறிவிப்பைப் பார்த்து, முதலில் சாலைக்கான காலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய நாள் ட்ரெய்னரில் கடினப் பயிற்சி வேண்டாம். வாரத்துக்கு இரண்டு கடின நாள், அவற்றுக்கிடையே குறைந்தது 48 மணி நேரம். துறைமுகத்தில் கூண்டு ஏறி வாரம் முழுக்க வீட்டுக்குள் என்றானால்கூட மூன்றாவது கடின நாளைச் சேர்க்காதீர்கள். 110, 120 வாட்டில் 45 நிமிடம் வீதம் இரண்டு எளிய நாள் சேர்க்கலாம். 90 நிமிடம் ஒரேயடியாக உட்காருவதைவிடக் காலையில் 40, மாலையில் 40 என்று பிரிப்பது நம் ஈரக் காற்றுக்குச் சரியாக வரும். மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் அளவைப் பாதியாக்குங்கள்.

ட்ரெய்னரில் சைக்கிள் பக்கவாட்டில் அசையாது என்பதால் ஒரே இடத்தில் எடை அழுந்திக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கியரைக் கூட்டி 30 நொடி எழுந்து நின்று மிதியுங்கள். டயர் வகையில் முன்சக்கரத்தின் அடியில் கட்டை வைத்துச் சமன் செய்யாவிட்டால் உடல் முன்னால் சரிந்து, கைக்கும் தொடை இடுக்குக்கும் வலி வரும். பேட் வைத்த ஷார்ட்ஸ் மழைக்காலத்தில் காய இரண்டு நாள் ஆகும்; ஈரமான ஷார்ட்ஸை மறுபடி போட்டால் படர்தாமரை வரலாம். குறைந்தது இரண்டு வைத்துக்கொண்டு, இறங்கியவுடன் கழற்றித் துவைத்து ஃபேனுக்கு அடியில் காயப்போடுங்கள்.

குடிக்கும் அளவுக்கு எடைதான் சரியான அளவுகோல். ஏறும் முன்னும், இறங்கித் துடைத்த பின்னும் எடை பாருங்கள்; குறைந்த ஒவ்வொரு கிலோவையும் ஒரு லிட்டராகக் கொண்டு, நடுவே குடித்ததையும் கூட்டினால் உங்கள் வியர்வையின் அளவு கிடைக்கும். ஒரு லிட்டர் வியர்வையில் பெரும்பாலானவர்களுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகிறது, ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். கால் தேக்கரண்டி உப்பில் சுமார் 600 மில்லிகிராம் சோடியம் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பு, 30 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சை; ஒரு மணி நேரப் பயிற்சிக்கு இது தாராளம். உப்புப் போட்ட நீர்மோர் முடிந்த பிறகு அருமை. கடின இன்டர்வெலின் நடுவே பலருக்கு வயிறு புரட்டும்.

உப்பும் துருவும்

கடற்காற்றுக்குப் பழகிய ஊரிலும் ட்ரெய்னர் வியர்வை செய்யும் சேதம் தனி. மூக்கு நுனியிலிருந்தும் தாடையிலிருந்தும் சொட்டுவது ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு) மேலும் ஹெட்செட்டின் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) மேல்மூடியிலும்தான் விழும். அங்கிருந்து மூடியின் விளிம்பு வழியாக மேல் பேரிங்குக்குள் இறங்கும். முதலில் காவி நிறத்தில் ஒரு கசிவு தெரியும், பிறகு ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு சின்னத் தடக்கு. அந்த நிலையில் பேரிங்கை மாற்றுவது தவிர வழியில்லை. ஹேண்டில்பார் டேப்பினுள் ஊறும் வியர்வை இன்னும் மோசம். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, குழிகுழியாக அரிக்கும். பிரேக் லீவர் கவ்வும் இடத்தில் அப்படி அரித்த பார் சாலையில் குழி ஏறும்போது ஒடியலாம்.

தடுப்பது சுலபம். ஸ்டெம்மையும் டாப் டியூபையும் மூடும்படி தடித்த துண்டு ஒன்றை விரியுங்கள். ஹேண்டில்பாரின் மேல்பகுதியில் இன்னொன்று. இறங்கியதும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் ஸ்டெம், பார், பாட்டில் கூண்டு ஆணிகள், முன் கியர் மாற்றியின் பட்டை, பாட்டம் பிராக்கெட் ஓரம் எல்லாவற்றையும் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். உப்பு எண்ணெயில் கரையாது. அதனால் எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் அடித்துவிட்டுப் போவது பலன் தராது. மாதம் ஒருமுறை ஸ்டெம் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையில் சிறிது கிரீஸ் வைத்து, ஸ்டெம்மில் அச்சிட்ட அளவுக்கு இறுக்குங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான் இருக்கும். பருவம் முடிந்ததும் டேப்பைப் பிரித்துப் பாரைப் பார்த்துவிட்டுப் புது டேப் சுற்ற வேண்டும். செயின் தேய்மானம் 0.75 சதவீதத்தை எட்டிய சைக்கிளை ட்ரெய்னரின் புது கேசட்டில் ஏற்றினால் கேசட்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

கரண்ட் போகும் ஊர் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மோட்டார் தடை உள்ள ஸ்மார்ட் ட்ரெய்னர்கள் பலவற்றில் மின்சாரம் நின்றால் தடையைக் கட்டுப்படுத்த முடியாது. காந்த வகைக்கும் திரவ வகைக்கும் அந்தத் தொல்லை இல்லை. ட்ரெய்னர் அடாப்டரும் ஒரு ஃபேனும் சேர்ந்து இழுப்பது 120 வாட் அளவில்தான் என்பதால் வீட்டு இன்வெர்ட்டர் ஒரு மணி நேரத்தைச் சுலபமாகத் தாங்கும். இடி இடிக்கும்போது அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே கரை கடந்தபோது பல நாட்கள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பகுதிகளில் வீடுகளுக்குள் வந்தது. கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் எச்சரிக்கை வந்ததும் ட்ரெய்னரையும் அடாப்டரையும் மாடிக்கோ பரணுக்கோ ஏற்றிவிட வேண்டும். தண்ணீர் புகுந்த ட்ரெய்னரைக் காய்ந்துவிட்டது என்று நினைத்து பிளக்கில் சொருகாதீர்கள். சர்வீஸில் திறந்து பார்த்த பிறகே மின்சாரம்.

திரும்பச் சாலைக்கு

டைரக்ட் டிரைவில் சக்கரம் கழற்றிய நிலையில் யாராவது டிஸ்க் பிரேக் லீவரை அழுத்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும், பிறகு ரோட்டர் நுழையாது. கழற்றியவுடன் பேட்களுக்கு நடுவே பிளாஸ்டிக் ஸ்பேசர் அல்லது மடித்த அட்டை வைத்துவிடுங்கள். சக்கரத்தைத் திரும்பப் போட்டதும் கியர் லேசாகத் தட்டும்; ட்ரெய்னரிலும் சக்கரத்திலும் கேசட் நிற்கும் இடம் சிறிது வேறுபடுவதால் கேபிள் குமிழியைக் கால் சுற்று திருப்பினால் சரியாகும். ட்ரெய்னருக்கென்றே விற்கும் டயரைச் சாலையில், அதுவும் ஈரச் சாலையில், ஒரு தெரு தூரம்கூட ஓட்டக் கூடாது. அதன் ரப்பர் கடினமானது, பிடிக்காது.

மழை விட்ட முதல் காலையில் அதே துடிப்புக்குச் சாலையில் சில வாட் கூடுதலாக வருவதைப் பலர் பார்ப்பார்கள். காற்று உடலைக் குளிரவைக்கிறது, சைக்கிள் அசைய முடிகிறது. அந்த வேகத்தில் மயங்கி முதல் சவாரியிலேயே 80 கி.மீ. கடினமாகப் போக வேண்டாம். ஒன்றரை மணி நேரம் எளிதாகப் போய்ப் பிரேக், கை, கழுத்தைச் சோதித்துவிட்டு, அடுத்த வாரம் சாலையில் தனியாக ஒரு 20 நிமிடச் சோதனை செய்யுங்கள். கன்னியக்கோயில் பக்கம் போக்குவரத்து இருக்கும். விடிந்ததும் காலாப்பட்டைத் தாண்டிய ஈ.சி.ஆர். பகுதி அதற்கு வசதி. ஜனவரிச் சவாரிக்கு அந்தச் சாலை எண்ணையும், அடுத்த மழைக்கு ட்ரெய்னர் எண்ணையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.